அமராவதிப் படகும் சாயம் நிற்காத பனியனும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாவது காபியை வாயில் வைத்த நேரம் போனில் ஒரு படம் வந்தது. மகள் தாரணி அனுப்பியிருந்தாள். ஏதோ ஓர் ஏரி. ஏரியில் ஒரு படகு. படகில் என் பேரனும் பேத்தியும் ஆரஞ்சு நிற மிதவை ஜாக்கெட் போட்டுக்கொண்டு பல் அத்தனையும் தெரியச் சிரிக்கிறார்கள். அதுவரை நல்ல படம்தான். பேத்தி யார் மடியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்தேன். சம்பந்தி மடியில்.

காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

சம்பந்தி நல்ல மனிதர். அவரிடம் ஒரு குறை சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பதுதான் என்னுடைய குறை. கோயம்புத்தூரில் காலேஜ் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். பேரப்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கதைப் புத்தகம் படித்துக் காட்டுவார், சிங்கம் வந்தால் சிங்கம் போலவே உறுமுவார். நீச்சல் வேறு தெரியுமாம். படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். ஒரு கை பேத்தியின் வயிற்றைச் சுற்றி இருக்கிறது. இன்னொரு கை படகுக்கு வெளியே, தண்ணீரில் அளைந்துகொண்டு இருக்கிறது. எதையும் பிடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறார் மனிதர். அந்த இரண்டு கைகளையும்தான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி சரசு தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, மூஞ்சி எதுக்கு இப்பிடிப் போகுது? கொழந்தைங்க சந்தோசமாத்தான இருக்குதுங்க?"

"இந்த வெயில்ல கூட்டீட்டுப் போயிருக்காரு பாரு உன்ற சம்பந்தி."

"வெயிலா? நல்லாப் பாருங்க. மழைதான பேஞ்சுட்டிருக்குது."

உண்மைதான். படத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. பேத்தியின் கைப்பக்கம் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஈரப் பனியன் துணியின் வாசம் வந்துவிட்டது. போனில் எங்கே வாசம் வரும் என்று கேட்காதீர்கள். நாற்பது வருஷம் பனியன் துணியில் கிடந்த மூக்கு இது. ஈரத் துணியைப் படத்தில் பார்த்தாலே போதும், சாயம் என்ன கலர் என்றுகூடச் சொல்லிவிடும்.

அன்றைக்கு வந்தது சிவப்புச் சாயத்தின் வாசம்.

நீங்கள் நினைப்பது சரி, எனக்குப் பொறாமை அதிகம். மறைத்து என்ன ஆகப்போகிறது? அது இல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் நான் சோமனூரில் அப்பாவின் தறிக்கூடத்தில் நூலைத் தாரில் சுற்றிக்கொண்டிருப்பேன். அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. திருப்பூருக்கு வந்து முதலில் ஒரு சலவைப் பட்டறையில் சேர்ந்தேன். அப்போதெல்லாம் தொட்டிக்குள் இறங்கித் துணியைக் காலால் மிதித்துத்தான் வெளுக்க வேண்டும். ப்ளீச்சிங் பவுடர் தின்று உள்ளங்கால் தோல் வெள்ளரிக்காய்த் தோல் போல உரியும். அங்கிருந்து மடிக்கிற வேலை, அப்புறம் தையல், அப்புறம் சொந்தமாக நாலு மெஷின், கடைசியில் மண்ணரைப் பகுதியில் மூன்று மாடிக் கட்டடம். பக்கத்துக் கம்பெனிக்காரன் நாலு மெஷின் இறக்கினான் என்றால் எனக்குச் சோறு இறங்காது. நான் ஆறு இறக்கினால்தான் இறங்கும். பொறாமையைக் கெட்டது என்பவர்களுக்குத் தொழில் செய்யத் தெரியாது என்பேன். ஒரே ஒரு தடவைதான் அது என்னை வெட்கப்பட வேண்டிய ஒரு காரியம் செய்ய வைத்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், பேச்சு எங்கோ போகிறது.

இரண்டாயிரத்து இரண்டோ மூன்றோ இருக்கும். ஆர்டர் கொட்டிய காலம். வெளிநாட்டுக்குக் குழந்தைகள் பனியன் ஒரு லாட் போட்டிருந்தோம். நல்ல ரத்தச் சிவப்பு, நெஞ்சில் ஒரு வெள்ளை வாத்து. தையல் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் சாயம் நிற்கவில்லை. எங்கள் ஊரில் அதற்கு ஒரு டெஸ்ட் உண்டு. வெள்ளைத் துணியை நனைத்துப் பத்துத் தடவை மேலே தேய்க்க வேண்டும். வெள்ளையில் கலர் ஏறாவிட்டால் பாஸ். எங்கள் லாட்டில் மூன்றாவது தேய்ப்பிலேயே வெள்ளைத் துணி செம்பருத்திப் பூ மாதிரி ஆகிவிட்டது. ஃபெயில். வாங்குகிறவன் வேண்டாமென்று சொல்லிவிட்டான். பண்டல் பண்டலாக மேல் மாடியில் கிடந்தது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆடிப் பதினெட்டு கழிந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஆட்களை எல்லாம் குடும்பத்தோடு அமராவதி அணைக்குக் கூட்டிப் போவது என்று முடிவாகியிருந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் ஆளுக்கு ஒரு சிவப்புப் பனியன் கொடுத்தால்? கூட்டத்தில் ஒரு குழந்தையும் தொலையாது, பார்க்கிறவர்களும் எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். செக்கிங்கில் இருந்த ராசாத்தி மட்டும் இழுத்தாள்.

"சாயம் போற பனியனப் போட்டுட்டுத் தண்ணிக்குப் போறதுங்களா மொதலாளி?"

"படகு தண்ணிக்கு மேலதான போகுது, உள்ளயா போகுது?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். என் பேச்சில் எனக்கே பெருமை. திருப்பூர்க்காரனைத் தவிர வேறு எவனுக்கும் இப்படி ஒரு காரியம் செய்யத் தோன்றியிருக்காது. சாயம் நிற்காது என்று பரீட்சை பண்ணித் தெரிந்துகொண்டு, அதையே நாற்பது குழந்தைகளுக்கு மாட்டிப் படகில் ஏற்றுவது.

தாரணிக்கு அப்போது ஐந்து வயது. அவளுக்கு என்னைத் தெரியும், அவ்வளவுதான். நான் எழுந்து போகும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், நான் வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் கதவுக்குப் பின்னால் நின்று, ஜவுளி வாங்க வந்த ஆளைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்ப்பாள். எனக்கு அது உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது. படகுப் பயணம் என்று சொன்னதும்தான் அவள் தானாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, போட் யாரு ஓட்டுவாங்க?"

"அப்பாதான் கண்ணு ஓட்டுவேன்."

வாயில் வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்த முடியவில்லை. "நீ அப்பா மடியில உக்காந்துக்கோணும். ஒரு கையில போட்டு, ஒரு கையில நீயி" என்று வேறு சேர்த்துவிட்டேன். ஒரு வாரம் அவள் பள்ளிக்கூடம் முழுக்க இதைச் சொல்லிவிட்டாள். வேன் டிரைவர்கூட என்னைக் கேட்டார். அந்த ஒரு வாரம் என் மகள் என்னைக் கண்டால் ஓடி வந்தாள். அறுபது மெஷின் ஓடுகிற சத்தத்தைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது.

நான் அதுவரை கிணற்றுக்கு வெளியே ஆழமான தண்ணீரைக் கண்டதே இல்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

கிளம்பிய காலை இரண்டு வேன். பல்லடம் தாண்டியதும் மின்சாரக் காற்றாடிகள். குழந்தைகள் எண்ணத் தொடங்கி, நூற்றுக்கு மேல் எண்ணத் தெரியாமல் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார்கள். என் எண்ணிக்கையும் ஏறக்குறைய அப்படித்தான், அதனால் நான் கலந்துகொள்ளவில்லை. வேனில் புளிச்சோற்று வாசம், எண்ணெய் தேய்த்த தலைகளின் வாசம், புதுப் பனியன் வாசம். நான் வழக்கம்போல வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. இன்னொரு வெள்ளைச் சட்டையும் வேனில் இருந்தது. அது சேவியருடையது.

சேவியர் எங்கள் கம்பெனி டெய்லர்களில் பெரிய கை. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர். வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போக, இவர் மட்டும் ஊசிக்கு வந்தவர். மனைவியும் ஒரு பெண் குழந்தையும் ஊரில். கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, ஊர்த் திருவிழாவுக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பார். அன்று விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு அதே சட்டையோடு நேராக வேனுக்கு வந்திருந்தார். தனி ஆள்தானே என்று ராசாத்தி தன் இரண்டாவது பையனைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டாள். உடுமலை போவதற்குள் அவர் மடியில் மூன்று குழந்தைகள்.

அணையில் முதலில் முதலைப் பண்ணைக்குக் கூட்டிப் போனோம். முதலைகள் வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடந்தன. தாரணி ராசாத்தியிடம், "போட் போற தண்ணிலயும் முதலை இருக்குமாக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கும் சாமி. உங்கொப்பனாட்ட வெள்ளச் சட்ட போட்டுட்டுக் கரையில படுத்திருக்கும்."

நான் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். டூர் அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் கம்பெனி வழக்கம். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அவள் வாய் முகூர்த்தம் அப்படியே பலித்தது.

படகுத் துறைக்கு வந்தோம். மோட்டார் படகு, ஒரு நடைக்குப் பன்னிரண்டு பேர். எல்லாருக்கும் ஆரஞ்சு ஜாக்கெட் மாட்டினார்கள். அந்த ஜாக்கெட்டுக்கு ஒரு வாசம் உண்டு, வெயிலில் காய்ந்த பழைய மெத்தை வாசம். தாரணி என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் ஒரு காலைப் படகில் வைத்தேன். படகு என்னை விட்டு நகர்ந்தது. நம்புங்கள், நகர்ந்தது. கரையில் ஒரு கால், படகில் ஒரு கால், நடுவில் பச்சைத் தண்ணீர். காலை எடுத்துவிட்டேன். சட்டைப் பையில் இருந்து போனை எடுத்துக் காதில் வைத்தேன்.

"முக்கியமான பார்ட்டி கண்ணு. நீங்க ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க, அடுத்த ரவுண்டு அப்பா ஓட்டறேன்."

போனில் யாரும் இல்லை. அங்கே சிக்னலே கிடையாது. அது சரசுவுக்குத் தெரியும். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

தாரணி படகையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். உதடு பிதுங்கத் தொடங்கியது. அப்போது சேவியர், ஏதோ தன் வீட்டு வாசற்படி இறங்குவது போலப் படகுக்குள் இறங்கினார். இறங்கி, இரண்டு கைகளையும் நீட்டினார்.

"வா தாயி. மாமா புடிச்சிக்கிடுதேன். தண்ணி ஒண்ணுஞ் செய்யாது, அது நம்மள ஆட்டிப் பாக்கும், அவ்வளவுதாம்."

அவள் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

காதில் செத்த போனோடு நான் கரையில் நின்றேன். படகு வட்டமடிக்கிற இடமெல்லாம் ஆரஞ்சு ஜாக்கெட்டுக்கு வெளியே நீட்டிய சிவப்புக் கைகளாகக் குழந்தைகள். எல்லாம் நான் கொடுத்த பனியன். அதில் என் குழந்தை எது என்று எனக்குத் தெரியவில்லை. தொலையாமல் இருக்கத்தானே ஒரே நிறம் கொடுத்தேன்? சேவியரின் வெள்ளைச் சட்டைக் கையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். வெள்ளைச் சட்டை எங்கே இருக்கிறதோ அங்கே என் மகள். சிரிப்புச் சத்தம் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு கரைக்கு வந்தது. என் மகள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நான் சம்பளம் கொடுக்கிற ஆள், என்னிடம் லீவு கேட்கத் தலையைச் சொறிகிற ஆள், ஒரு செலவும் இல்லாமல் அந்தச் சிரிப்பை வாங்கிவிட்டார். எனக்குக் காது சுட்டது.

அடுத்த நடைக்கு நான் ஏறினேன். பொறாமை ஏற்றியது என்றுதான் சொல்ல வேண்டும், தைரியம் அல்ல. கண்ணை மூடிக்கொண்டு ஏறி, கைக்குக் கிடைத்த முதல் பலகையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தாரணி ஆசையாக வந்தாள். என் மடியில் ஏறப் பார்த்தாள். ஏற முடியவில்லை. குழந்தை ஏறுவதற்கு ஒரு கையாவது கொடுத்துத் தூக்க வேண்டும் அல்லவா? என் இரண்டு கையும் கம்பியில் இருந்தன.

"அப்பா, கையெடுங்க."

"ஏறு கண்ணு, ஏறு."

"கையெடுத்தாத்தானப்பா ஏற முடியும்?"

கையை எடுக்க நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். கை கேட்கவில்லை. படகு கிளம்பி ஒரு குலுக்குக் குலுக்கியது. சேவியர் பின்னாலிருந்து ஒரே கையில் அவளை அலாக்காகத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். மனிதர் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. படகு சாய்கிற பக்கம் சாய்ந்து, நிமிர்கிற பக்கம் நிமிர்ந்தார். அவளும் அதுபோலவே சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் இருவரும் ஒரே ஆள் மாதிரி ஆடினார்கள்.

"மீனு தூங்குமா மாமா?"

"தூங்கும் தாயி, கண்ண மூடாமத் தூங்கும்."

"எங்கப்பா கண்ண மூடிட்டுத் தூங்காம இருக்காரு பாருங்க."

படகில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். படகோட்டி திரும்பிப் பார்த்துச் சேவியரிடம், "உங்க பாப்பாங்களா? நல்ல வாயிங்க" என்றார்.

சேவியர் பதில் சொல்லும் முன் என் மகள் முந்திக்கொண்டாள். "இல்லீங்க, இவங்க மாமா. எங்கப்பா அதா, கம்பியப் புடிச்சுட்டு இருக்காரு."

அதற்கு மேல் நான் கண்ணைத் திறந்தேன் என்றாலும் எதையும் பார்க்கவில்லை. மலை தெரிந்ததாம், ஒரு யானைகூட எதிர்க்கரையில் நின்றதாம். எல்லாரும் சொல்லித்தான் தெரியும். நான் பார்த்ததெல்லாம் சேவியரின் கை. தையல் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். அவை என் மகளின் வயிற்றுக்கு மேல் கோத்திருந்தன. அது என் கை இருக்க வேண்டிய இடம்.

திரும்பும்போது மலைப் பக்கமிருந்து சாரல் பிடித்துக்கொண்டது. ஆடிச் சாரல் உங்களுக்குத் தெரியும், பெய்வது போலவே இருக்காது, ஆனால் தொப்பலாக நனைத்துவிடும். கரையேறி ஜாக்கெட்டைக் கழற்றியதும் குழந்தைகள் எல்லாம் நடுங்கின. அவரவர் குழந்தையை அவரவர் வாரி அணைத்துக்கொண்டு வேனுக்கு ஓடினார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கையை நீட்டினேன். தாரணி சேவியர் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு பாதித் தூக்கத்தில் இருந்தாள்.

"பிள்ள அசந்துட்டு மொதலாளி. எழுப்ப வேண்டாம், நா கொண்டாந்து விட்டுருதேன்" என்றார்.

நான் முன்னால் நடந்தேன்.

வேனில் வந்து உட்கார்ந்து, விளக்கைப் போட்டதும்தான் ராசாத்தி கத்தினாள். "அய்யய்யோ, எல்லாரும் அவங்கவங்களப் பாருங்க!"

பார்த்தோம். வேன் முழுக்கச் சிவப்பு. குழந்தையைத் தூக்கியவர்கள் அத்தனை பேர் மேலும் சாயம் இறங்கியிருந்தது. புடவை முந்தானையில், தோளில், கழுத்தில். ஒருவருடைய வழுக்கைத் தலையில்கூட இரண்டு சின்னக் கைகள் பிடித்த அடையாளம். ஒருவரை ஒருவர் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"சேவியரண்ணே, உங்களுக்குத்தான் ஃபுல் டையிங்!"

அவர் குனிந்து பார்த்தார். வெள்ளைச் சட்டையின் நெஞ்சு முழுக்க ஒரு குழந்தையின் அளவுக்குச் சிவப்பு. நடுவில் வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளையாக. காலரைச் சுற்றி இரண்டு பக்கமும் கைகள் கட்டிய தடம். என் மகள் அப்படியே அதில் அச்சாகியிருந்தாள்.

அந்த வேனில் ஒரே ஒரு சட்டைதான் வெள்ளையாக இருந்தது. நான் கவனித்ததை ராசாத்தியும் கவனித்துவிட்டாள். டூர் நாள்தான், என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் அவள் குனிந்து தன் பையனின் தலையைத் துவட்டத் தொடங்கினாள். அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

மறுநாள் திங்கட்கிழமை. சேவியர் வேறு சட்டையில் வந்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் அவர் மெஷினுக்குப் போய் நின்றேன்.

"சேவியர், அந்தச் சட்டையக் கொண்டாங்க. என்ற லாட்டுச் சாயம், நானே எடுத்துத் தாரேன்."

"வேண்டாம் மொதலாளி. கெடந்துட்டுப் போவுது."

"அட, பூசைக்குப் போற சட்டைங்க. நாளைக்குக் கொண்டாங்க."

"பரவால்ல மொதலாளி, ரூம்புல ஆணில மாட்டிப் போட்டுருக்கேன்."

ஆணியில் மாட்டியிருக்கிறது என்று கேட்டதும் எனக்குள் ஏதோ எரிந்தது. அவர் படுத்துக்கொண்டு தினமும் பார்ப்பார் அல்லவா? செவ்வாய்க்கிழமையும் கேட்டேன், புதன்கிழமையும் கேட்டேன். முதலாளி மூன்று தடவை கேட்டால் தொழிலாளி என்ன செய்வார்? வியாழக்கிழமை ஒரு பையில் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.

திருப்பூரில் அன்றைக்கு என்னைவிடச் சாயம் எடுக்கத் தெரிந்தவன் கிடையாது. பீற்றிக்கொள்ளவில்லை, தொட்டிக்குள் நின்று கற்றது. ஆளிடம் கொடுக்கவில்லை. நானே கம்பெனிப் பின்புறம் பிளாஸ்டிக் வாளி வைத்து, வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஹைட்ரோஸ் என்று ஒரு பவுடர் உண்டு, சாயத்தை உரித்துப் போடுவது. அழுகின முட்டை மாதிரி நாறும். சுடுதண்ணீரில் அதைப் போட்டு, சட்டையை அமுக்கினேன். முதலில் வாத்தைச் சுற்றியிருந்த சிவப்பு மங்கியது. அப்புறம் நெஞ்சு. கழுத்தைச் சுற்றியிருந்த கைத் தடம் மட்டும் போகவில்லை. இரண்டாவது தடவை ஊறவைத்துத் தேய்த்தேன். மூன்றாவது தடவை தேய்த்ததில் அதுவும் போயிற்று. தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினேன். நீலம் போட்டு, அயர்ன் பண்ணி, எக்ஸ்போர்ட் பீஸ் மாதிரி அட்டை வைத்து மடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, எல்லாரும் பார்க்கக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பாருங்க! கடையில வாங்குனப்பக்கூட இந்த வெள்ள இருந்திருக்காது."

சேவியர் கவரைப் பிரித்தார். சட்டையை விரித்தார். காலரைத் திருப்பிப் பார்த்தார், ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பவர் போல.

"பிள்ள கை இருந்துச்சு மொதலாளி. கழுத்துப் பக்கம்" என்றார். அப்புறம், "எம் மகளுக்கும் இதே வயசுதாம் பாத்துக்கிடுங்க. அவ கை இப்ப எம்புட்டு இருக்கும்னு அத வச்சுத்தாம்…" என்று இழுத்து, முடிக்காமல், சட்டையைப் பழையபடி அட்டை வைத்து மடித்தார். மடிப்பு என்னுடையதைவிட நேர்த்தியாக இருந்தது. அதிலும் எனக்குப் பொறாமை வந்தது என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

"வெள்ளைன்னா வெள்ளையா இருக்கோணுமுங்க சேவியர்" என்று சிரித்துவிட்டு மாடிப்படி ஏறினேன். பாதிப் படியில் நின்றேன். இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று தோன்றியது. என்ன வார்த்தை என்று தெரியவில்லை. ஏறிப் போய்விட்டேன்.

யார் கேட்டாலும் அன்றைக்கு நான் தொழிலாளிக்குச் சட்டை துவைத்துக் கொடுத்த முதலாளி. இருபது வருஷமாக அப்படித்தான் சொல்லி வந்தேன், கல்யாண வீடுகளில்கூட. இப்போதுதான் உங்களிடம் சரியாகச் சொல்கிறேன். அன்றைக்கு எங்கள் யாரிடமும் கேமரா கிடையாது. அந்தப் படகு நாளுக்கு இருந்த ஒரே போட்டோ அந்தச் சட்டைதான். அது என்னுடையது இல்லை என்பதால் அழித்துவிட்டேன்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போன சேவியர் திரும்பி வரவில்லை. ஊரிலேயே ஒரு தையல் கடை வைத்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். மகளோடு இருக்கிறார் என்று கேட்டதும் முதலில் வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம் இல்லை. அதன் பிறகு நாங்கள் அமராவதிக்குப் போகவில்லை. ஆர்டர், ஷிப்மெண்ட் என்று ஒவ்வொரு ஆடியும் ஓடிவிட்டது. தாரணி எனக்குத் தெரியாமலே உயரமாகிவிட்டாள். மண்ணரைக் கட்டடத்தை இப்போது வாடகைக்கு விட்டிருக்கிறேன். தைக்கிறவர்கள் வடக்கத்திப் பையன்கள், மெஷின் சத்தத்துக்கு மேல் இந்தியில் போனில் பேசுகிறார்கள். அவர்களுக்கும் குழந்தைகள் உண்டு, போனுக்குள் இருக்கிறார்கள். இரண்டு வேன் நிறையக் குழந்தைகளை ஏற்ற இன்றைக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு குழந்தை கிடையாது. கால் மிதித்த தொட்டிகளும் இல்லை, என் உள்ளங்காலில் தோல்கூடப் புதிதாக வளர்ந்துவிட்டது.

சம்பந்தி படம் வந்த அன்றைக்குக் காபி ஆறிப் போனதும் எழுந்து உள்ளே போனேன். சரசு ஒரு தகரப் பெட்டியில் தாரணியின் சின்ன வயதுத் துணிகளை வைத்திருக்கிறாள். கிளறினேன். அடியில் கிடந்தது. நெஞ்சில் வாத்து. சிவப்பு என்று சொல்ல முடியாது, எத்தனையோ துவைப்புக்கு அப்புறம் வெளுத்த ரோஸ். பின்பக்கக் குழாயடிக்குக் கொண்டுபோய் நன்றாக நனைத்தேன். பிழியாமல் அப்படியே எடுத்து, என் வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் வைத்து, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் வயிற்றில் வழிந்து வேட்டியை நனைத்தது. பிடியை விடவில்லை.

சரசு சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, அங்க என்ன பண்ணீட்டு நிக்கறீங்க?"

"சாயம் டெஸ்ட் பண்றன்."

அந்தப் பனியனை அவளுக்கும் தெரியும். அன்றைக்கு வேனில் அவளும் இருந்தாள்.

"என்னாச்சு?" என்றாள் மெதுவாக.

பனியனை எடுத்துப் பார்த்தேன். சட்டை நனைந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு சொட்டுக் கலர் இல்லை. வெள்ளை அப்படியே வெள்ளையாக இருந்தது.

"பாஸ்" என்றேன்.